திரைக் கேள்விகள்: மோன்ஃபெர்மேய் ஊரும் மூன்று காவலர்களும்

சென்ற இதழில், லாஜ் லீ இயக்கி 2019-இல் வெளிவந்த ‘லே மிசெராப்ல்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை அடைத்துவிட்டன. ஆகவே இம்முறை வேறு படங்களுக்கு இடமில்லை. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்குக் கிழக்கே உள்ள மோன்ஃபெர்மேய் என்ற ஊரில், குற்றத் தடுப்புப் பிரிவைச் சேர்ந்த மூன்று காவலர்கள் சீருடையின்றி ஒரே காரில் ரோந்து சுற்றுகிறார்கள். அவர்களில் ஒருவர் அன்றுதான் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர். ஈசா என்ற சிறுவன் சர்க்கஸ் கூடாரத்திலிருந்து ஒரு சிங்கக்குட்டியைத் திருடிவிட, சர்க்கஸ்காரர்கள் வந்து சண்டைக்கு நிற்கிறார்கள். அவனைப் பிடிக்கப்போன இடத்தில் மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்ள, ஒரு காவலர் ரப்பர் குண்டுத் துப்பாக்கியால் அவன் முகத்தில் சுட்டுவிடுகிறார். அதை மேலே பறந்துகொண்டிருந்த ஒரு ட்ரோன் படம் பிடித்துவிடுகிறது. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கடைசிக் கேள்வியைப் படிக்காமல் விட்டுவிடலாம்.

கேள்வி: இது விக்டர் ஹியூகோவின் நாவல் பெயர் அல்லவா? கதையில் அந்த நாவலின் சாயலே இல்லையே? (வாசகர், கும்பகோணம்)

பெயர் ஊரின் வழியாக வந்தது. 1862-இல் வெளியான அந்த நாவலில், கோசெத் என்ற சிறுமி தண்ணீர்க் குடம் சுமந்து அல்லற்படும் சத்திரம் இருப்பது இதே மோன்ஃபெர்மேயில்தான். தெனார்தியே தம்பதியர் அங்கேதான் அவளை வேலைக்காரியாக வைத்து வாட்டுகிறார்கள். மாலியில் பிறந்து சிறுவயதிலிருந்தே மோன்ஃபெர்மேயில் வளர்ந்த லாஜ் லீக்கு, தன் ஊரைப் பற்றிய முதல் முழுநீளக் கதைப்படத்துக்கு வேறு பெயரைத் தேடிப்போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 2017-இல் அவர் எடுத்த குறும்படத்துக்கும் இதே பெயர்தான்.

தமிழ் வாசகருக்கு இந்த நாவல் அந்நியமும் அன்று. சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார்; 1950-இல் அதே பெயரில் நாகையா நடித்த படமும் வந்தது. அதில் ஜாவர் என்ற காவல் ஆய்வாளராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமனாகவே அறியப்பட்டார். ஒரு பிரெஞ்சுக் காவலரின் பெயர் ஒரு தமிழ் நடிகருக்கு முன்னொட்டாகிவிட்ட கதை இது.

அந்த ஜாவரை நினைவில் வைத்துக்கொண்டு லாஜ் லீயின் படத்தைப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஹியூகோவின் ஜாவர் சட்டத்தைத் தெய்வமாக நம்புகிறவர். அந்த நம்பிக்கை உடைந்தபோது உயிரையே விட்டவர். இந்தப் படத்தின் மூன்று காவலர்களில் இருவர் சட்டத்தை நம்புவதில்லை, சமாளிப்பை நம்புகிறார்கள். யாரோடு பேசினால் தெரு அமைதியாகும், யாரைத் தொடக் கூடாது, எந்தப் புகாரை எழுதாமல் விடலாம் என்பதே அவர்களுடைய தொழில். புதிதாக வந்தவரிடம் மட்டும் ஜாவரின் எச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நம் ஊரில் புறநகர் என்றால் மனை வாங்கி வீடு கட்டுவோர் குடியேறும் இடம். பாரிஸில் மட்டும் அது ஏழைகளின் இடமாக எப்படி ஆயிற்று? (வாசகி, தாம்பரம்)

பாரிஸுக்கு மேற்கே செல்வந்தர்களின் புறநகர்களும் உண்டு. நீங்கள் கேட்பது வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அடுக்குமாடித் தொகுதிகளைப் பற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அல்ஜீரியா, மொரோக்கோ, போர்ச்சுகல், பிறகு மாலி, செனகல் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். அந்தக் கொட்டகைகளை அகற்றவும், வளர்ந்துவந்த நகரத்துக்கு வீடு கொடுக்கவும் 1950-களிலிருந்து வயல்வெளிகளில் பெரும் குடியிருப்புத் தொகுதிகள் எழுப்பப்பட்டன. குளியலறையும் வெந்நீரும் உள்ள வீடு என்பது அன்று பெரிய முன்னேற்றம். 1970-களின் நடுவில் தொழில்கள் சரியத் தொடங்கியபோது, முடிந்தவர்கள் வெளியேறினார்கள்; முடியாதவர்கள் தங்கினார்கள்.

படம் எடுக்கப்பட்ட ‘லே பொஸ்கே’ தொகுதியின் வரலாறு இதிலும் சற்று விசித்திரமானது. 1960-களில் அதை வரைந்தவர் பெர்னார் ஸேர்ஃபுஸ். பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்த மூவருள் ஒருவர் என்றால் அவருடைய தகுதி விளங்கும். லே பொஸ்கே அரசு வாடகை வீடாகக் கட்டப்படவில்லை. நடுத்தர வர்க்கத்தினர் சொந்தமாக வாங்குவதற்கென்று கட்டப்பட்டது. அந்தப் பக்கமாக ஒரு விரைவுச் சாலை வரப்போவதாகச் சொல்லப்பட்டது. சாலை வரவேயில்லை. ரயிலும் இல்லை. வாங்கியவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்கள். பராமரிப்புத் தொகை கட்ட ஆளில்லாமல் மின்தூக்கி நின்றது, சுவர் உரிந்தது. பாரிஸிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரே உள்ள அந்த ஊரிலிருந்து தலைநகருக்குப் போக, பேருந்து பிடித்து, பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் இறங்கி மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் நிலை பல ஆண்டுகள் நீடித்தது. ட்ராம் வண்டி ஒருவழியாக அங்கே எட்டிப்பார்த்தது 2019 டிசம்பரில். அதாவது நவம்பரில் இந்தப் படம் திரைக்கு வந்து சில வாரங்கள் கழித்து!

இந்தத் தூரத்தை மனத்தில் வைத்தால்தான் படத்தின் தொடக்கம் புரியும். 2018 ஜூலை 15 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் குரோவேஷியாவை 4–2 என்று வென்ற நாள். ஈசாவும் நண்பர்களும் மூவண்ணக் கொடியைப் போர்த்திக்கொண்டு ரயிலேறி நகரின் நடுவே போகிறார்கள். ஷான்ஸெலிஸே சாலையில் இலட்சக்கணக்கானோரோடு சேர்ந்து தேசிய கீதம் பாடுகிறார்கள். படம் முழுவதிலும் அவர்கள் தம் ஊரைத் தாண்டிப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகக் கலப்பது அந்த ஒரு முறைதான்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகள் காவல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய படங்கள் எங்களை வில்லனாக்குவதையே தொழிலாகக் கொண்டிருக்கின்றன. இதுவும் அப்படித்தானா? (வாசகர், திருச்சி)

ஐயா, படத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோபமும் வரும். ‘இது நடந்ததுதான்’ என்ற நினைப்பும் வரும். படத்தின் பெரும்பகுதி காவலர்களின் காருக்குள்ளிருந்துதான் சொல்லப்படுகிறது. புதியவரான ருயிஸ் ஷெர்பூர் என்ற துறைமுக ஊரிலிருந்து வந்தவர். வந்த அன்றே அவருடைய படிய வாரிய தலையைப் பார்த்து, ஒரு தலைமயிர்ப் பசையின் பெயரை அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டிவிடுகிறார்கள். குழுவின் தலைவர் கிரிஸ் வெள்ளையர், வாய்த்துடுக்குக்காரர். சுட்டுவிடுகிற குவாதா அதே குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பினத்தவர். அன்றிரவு அவர் தன் தாயின் வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் உடைந்து அழுகிறார். வில்லனாக்குவது நோக்கமாக இருந்திருந்தால் அந்தக் காட்சி படத்தில் இருந்திருக்காது.

நான் உங்களிடம் சுட்டிக்காட்ட விரும்புவது துப்பாக்கிச் சூட்டை அன்று, அதற்கு முன்பே வரும் ஒரு பேருந்து நிறுத்தக் காட்சியை. பள்ளி வயதுப் பெண்கள் சிலர் நிற்கிறார்கள். கிரிஸ் இறங்கிப் போய், கஞ்சா புகைத்தீர்களா என்று ஒரு பெண்ணின் விரலை முகர்ந்து பார்க்கிறார். உடலைச் சோதிக்கப்போவதாகச் சீண்டுகிறார். தோழி ஒருத்தி செல்பேசியில் படம் பிடிக்கத் தொடங்க, அவர் அதைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைக்கிறார். வழக்கு இல்லை, கைது இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. கார் கிளம்பிவிடுகிறது. அந்தப் பெண்கள் இரவு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு அடுத்த அரை மணி நேரமும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, ஆங்கிலத் துணைத்தலைப்புடன் பார்ப்பவர்களுக்குப் பிடிபடாதது. பிரெஞ்சிலும் நம் மொழியைப் போலவே ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு. முன்பின் தெரியாத ஒருவரை ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். 2014 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த காவலர் நடத்தை விதித் தொகுப்பு பொதுமக்களை அப்படியே விளிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இந்தக் காரிலிருந்து இறங்குகிறவர்கள் இளைஞர்களைப் பார்த்ததும் ‘நீ’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. தமிழில் துணைத்தலைப்பு இட்டால் படம் இன்னும் கூர்மையாக இருக்கும். ‘ஏய், இங்கே வா’ என்பதற்கும் ‘இங்கே வாருங்கள்’ என்பதற்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடையாள அட்டைச் சோதனையும் இத்தகையதே. பிரான்ஸின் உரிமைப் பாதுகாப்பு அலுவலகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பினத்தவராகவோ அரேபியராகவோ தோற்றமளிக்கும் இளைஞர்கள் சோதனைக்கு நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 20 மடங்கு. பள்ளிக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, அதுவும் பெயர் தெரிந்த அதே காவலரிடம் அட்டையை நீட்ட வேண்டும் என்றால் அதற்குப் பெயர் குற்றத் தடுப்பு ஆகாது.

காவலர் தரப்பிலும் ஒரு குறை உண்டு; அதை உங்களைப் போன்றவர்களே நன்றாக உணர்வீர்கள். 1990-களின் இறுதியில் பிரான்ஸ் ‘அண்மைக் காவல்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரே காவலர் ஒரே வட்டாரத்தில் நடந்தே சுற்றுவார், மக்களை முகம் பார்த்து அறிவார். 2003-இல் அன்றைய உள்துறை அமைச்சர் நிக்கோலா சர்க்கோசி, இளைஞர்களுக்கு ரக்பி ஆட்டம் ஏற்பாடு செய்வது காவலர் வேலை அன்று என்ற பொருளில் துலூஸ் நகரில் பேசி, அந்த முறைக்கு முடிவுகட்டினார். அதன்பின் எஞ்சியது பெரும்பாலும் கார் ரோந்து. இன்றும் பாரிஸைச் சுற்றியுள்ள கடினமான வட்டாரங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் நிறையப் பேர் பயிற்சி முடித்த கையோடு வெளியூர்களிலிருந்து வரும் இளைஞர்கள்; சில ஆண்டுகளில் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டுவிடுகிறார்கள். தன் வட்டாரத்தை நடந்தே சுற்றும் பீட் காவலரின் முகமே தெரியாத தெருவை நீங்கள் எப்படிப் பாதுகாத்திருப்பீர்கள்?

கேள்வி: சிங்கக்குட்டியைத் திருடுவதெல்லாம் நம்பும்படி இருக்கிறதா? (வாசகர், ஈரோடு)

படத்தில் வரும் எல்லாமே உண்மையில் நடந்தவற்றிலிருந்து எடுத்தவை, சிங்கக்குட்டி உட்பட என்கிறார் இயக்குநர். நமக்கு நம்ப முடியாமல் இருப்பது திருட்டை விட, அதைத் தேடப் போன காவலர்கள் திருடியவனின் முகத்தில் சுட்டதாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: ட்ரோன், செல்பேசி என்று எல்லாம் பதிவாகிற காலத்தில் காவல் அத்துமீறல் தானாகக் குறையாதா? (வாசகி, கோயம்புத்தூர்)

லாஜ் லீயை விட இந்தக் கேள்விக்குத் தகுதியான ஆள் கிடையாது. பதின்ம வயதில் கேமரா வாங்கியதிலிருந்து அவர் தன் குடியிருப்புக்குள் வரும் காவலர்களைப் படம் பிடித்துவந்தவர். 2004-இல் ஜேஆர் என்ற கலைஞர் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளையில், லாஜ் லீ நம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவது போல இருக்கும். இரண்டாம் முறை பார்த்தால்தான் கையில் இருப்பது வீடியோ கேமரா என்று தெரியும். முதல் பார்வையில் துப்பாக்கி என்று நினைத்தது யார் தவறு என்று அந்தப் படம் கேட்கிறது. 2008-இல் லே பொஸ்கேயில் காவலர்கள் ஒருவரை அடித்ததை லாஜ் லீ பதிவுசெய்து வெளியிட்டது, காவலர்கள் தண்டிக்கப்படும் வரை போயிற்று. ஆக, பதிவால் பயன் உண்டு.

ஆனால் படம் அவ்வளவு எளிதாக நம்மை விடவில்லை. ட்ரோனை ஓட்டுகிற பஸ் என்ற சிறுவனாக நடித்தவன் இயக்குநரின் மகன். அவன் ட்ரோனை வாங்கியது காவலரைக் கண்காணிக்க அன்று, மாடி வீட்டு ஜன்னல்களில் பெண்களை எட்டிப்பார்க்க! சுட்டது பதிவாகிவிட்டது என்று தெரிந்ததும் கிரிஸுக்கும் குவாதாவுக்கும் முகம் வீங்கிக் கிடக்கும் ஈசாவை விட நினைவு அட்டைதான் முக்கியமாகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் அந்த அட்டையைத் தேடி ஊரைச் சல்லடை போடுகிறார்கள். காவலர்களைத் தவிர, குடியிருப்பில் ‘மேயர்’ என்று அழைக்கப்படும் பேட்டைப் பெரியவருக்கும் அந்த அட்டை வேண்டும். கையில் இருந்தால் பேரம் பேசலாம். கடைசியில் சாலா என்ற கெபாப் கடைக்காரர் அதை ருயிஸிடம் நம்பிக் கொடுக்கிறார். ருயிஸ் அதை மேலதிகாரியிடம் கொடுக்கவில்லை; இரவு மதுக்கடையில் சுட்டவரின் கையிலேயே கொடுத்துவிடுகிறார். மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார் என்று சிலர் பாராட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்ட சிறுவனுக்குச் சேர வேண்டிய சாட்சியம் அது. அதைத் தானமாகக் கொடுக்க ருயிஸுக்கு உரிமை இல்லை.

படத்துக்கு வெளியிலும் இந்த இழுபறி தொடர்கிறது. 2020 நவம்பரில், காவலரின் முகம் தெரியும் படங்களைத் தீய நோக்கத்தோடு பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவை எதிர்த்துப் பிரான்ஸ் முழுவதும் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. திருத்தி எழுதப்பட்ட அந்தப் பிரிவை 2021 மே மாதம் அரசியலமைப்பு மன்றம் தள்ளுபடி செய்தது. 2023 ஜூன் 27 அன்று நாந்தேர் என்ற இடத்தில் வாகனச் சோதனையின்போது 17 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கார் காவலர் மீது ஏற வந்தது என்று முதலில் செய்தி வந்தது. வழியில் நின்ற ஒருவர் எடுத்த காணொளியிலோ காவலர்கள் காரின் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். காணொளி கதையை மாற்றியது, குண்டைத் தடுக்கவில்லை.

கேள்வி: நான் லா கூர்நெவில் வசிக்கும் ஈழத்தமிழன். எங்கள் பகுதி பற்றிய படங்களில் ‘தீபன்’, ‘லா எய்ன்’, இது ஆகிய மூன்றில் எதை உயர்வாகக் கருதுகிறீர்கள்? (வாசகர், பாரிஸ் புறநகர்)

மூன்றும் மூன்று இடத்தில் நின்று பார்த்தவை. 1995-இல் மாத்தியூ கஸோவிட்ஸ் எடுத்த ‘லா எய்ன்’ (வெறுப்பு என்று பொருள்) ஒரு இரவுக் கலவரத்துக்கு மறுநாள் மூன்று நண்பர்கள் அலைவதைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். 1993-இல் பாரிஸ் காவல் நிலையம் ஒன்றில் 17 வயது இளைஞன் விசாரணையின்போது சுடப்பட்டு இறந்ததிலிருந்து பிறந்தது. அதன் அழகில் எனக்கு இன்றும் மயக்கம் உண்டு. ஆனாலும் அது அந்தக் குடியிருப்புக்கு வெளியிலிருந்து, அன்போடு, வந்த ஒருவரின் படம்.

2015-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ஜாக் ஓதியாரின் ‘தீபன்’, ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்ததால் நமக்கு நெருக்கமானது. முன்னாள் போராளி ஒருவர் குடியிருப்பின் காவலாளியாகிறார். தமிழ் பேசப்படும் காட்சிகளில் உள்ள நுணுக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் குடியிருப்பே போர்க்களமாகிறது. போதைமருந்துக் கும்பல்கள் சுட்டுக்கொள்ளும் அந்த ஊரில் காவல்துறை ஏறக்குறையத் தலைகாட்டுவதே இல்லை. அங்கே வாழ்கிற உங்களுக்குத் தெரியும், காவலர் இல்லை என்பது அந்த இடங்களின் பிரச்சினையே அன்று. லாஜ் லீ அந்த இடைவெளியை நிரப்புகிறார். உயர்வு தாழ்வு சொல்லியே ஆக வேண்டும் என்றால், கலைநேர்த்தியில் கஸோவிட்ஸ், உண்மைத்தன்மையில் லாஜ் லீ. 2019 கான் விழாவில் இப்படம் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் திரையுலகின் செசார் விருதுகளில் சிறந்த படமாகவும் தேர்வானது. அந்த விருதுகளை விட, ஊர்க்காரர்களையே நடிக்கவைத்ததும், படத்துக்கு முந்திய ஆண்டில் மோன்ஃபெர்மேயிலேயே கட்டணமில்லாத் திரைப்படப் பள்ளி தொடங்கியதும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

கேள்வி: படத்தில் பெண்களே இல்லையே? (வாசகி, மதுரை)

நியாயமான குறை. ஒரு வீட்டில் ஆப்பிரிக்கப் பெண்கள் கூடிச் சீட்டுப் பணம் எண்ணுகிற காட்சி ஒன்று வருகிறது. நம் வீட்டுச் சீட்டேதான். அந்தக் குடியிருப்பு எப்படி நிற்கிறது என்பதற்கு அந்த ஒரு நிமிடமே விடை. கேமரா அங்கே கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: முடிவு அரைகுறையாக விடப்பட்டிருக்கிறது. இயக்குநருக்குத் தீர்வு தெரியவில்லையா? (வாசகர், சேலம்)

முடிவுக்கு வருவதற்கு முன் 2005-ஐச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று, மோன்ஃபெர்மேயை ஒட்டியுள்ள க்லிஷி-சு-புவா ஊரில், பந்தாடிவிட்டு வந்த பையன்கள் காவலரின் சோதனைக்கு அஞ்சி ஓடினார்கள். மூவர் ஒரு மின் துணைநிலையத்துக்குள் ஒளிந்தார்கள். 17, 15 வயதுடைய இருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்றாமவன் தீக்காயத்தோடு தப்பினான். மூன்று வாரங்கள் நாடெங்கும் கார்கள் எரிந்தன. அல்ஜீரியப் போர்க் காலத்துச் சட்டமான 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து அரசு நெருக்கடிநிலை அறிவித்தது. காவலர்கள் இருவர் மீதான வழக்கு பத்தாண்டு இழுத்து, 2015-இல் இருவரும் விடுவிக்கப்பட்டனர். அந்த மூன்று வாரங்களையும் லாஜ் லீ உள்ளிருந்து படம் பிடித்திருக்கிறார்.

ஆகவே அவருடைய படத்தில் மறுநாள் விடியும்போது நடப்பது அவருக்குப் புதியதன்று. ஈசாவை இதற்குள் சர்க்கஸ்காரர் சிங்கக்கூண்டில் தள்ளி நடுங்கவைத்துவிட்டார்; காவலர் அருகில் இருந்தும் தடுத்துக் காக்க முடியவில்லை. வீங்கிய முகத்தோடு வீடு திரும்பும் அவனிடம், தானாக விழுந்ததாகச் சொல் என்று வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பிள்ளைகள் மூன்று காவலர்களையும் ஒரு மாடிப்படிக்குள் இழுத்துவந்து மறிக்கிறார்கள். பேட்டைப் பெரியவரான ‘மேயரும்’ அடிபடுகிறார். பிள்ளைகளுக்கு இனி எந்தப் பெரியவரும் வேண்டாம். குவாதாவும் கிரிஸும் காயத்தோடு கிடக்க, மேலே ஈசா பற்றவைத்த பெட்ரோல் குண்டைக் கையில் ஏந்தி நிற்கிறான். கீழே ருயிஸ் துப்பாக்கியை நீட்டி, வேண்டாம் என்று கெஞ்சுகிறார். பக்கத்து வீட்டுக் கதவின் துளை வழியே பஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று வானத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்த அதே சிறுவன்தான்; இன்று அவனிடம் ட்ரோன் இல்லை, ஒரு துளை மட்டும் இருக்கிறது. படம் அங்கே கறுப்பாகிறது. களைச்செடி என்றும் கெட்ட மனிதன் என்றும் எதுவும் இல்லை, கெட்ட உழவர்களே உண்டு என்ற ஹியூகோவின் வாசகம் திரையில் வருகிறது.

தீர்வு அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது என் கவலை அன்று. அந்தக் குண்டை எறிந்தான் என்று காட்டியிருந்தால் ஈசாவையும், சுட்டார் என்று காட்டியிருந்தால் ருயிஸையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். ஒரு நாள் முழுக்க அதே காரில் அவர்களோடு சுற்றியவர்களை அவ்வளவு எளிதில் எழுந்து போக விடுவதற்கு அவருக்கு மனமில்லை.